ஸ்டென்ட் வைத்த வீட்டில் வேப்பிலை

இதய வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளிடம் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறந்தால் மூட மாட்டேன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். படிக்கும்போது நீங்கள் கொட்டாவி விட்டால் என் கண்ணில் படாது. இரண்டு தரப்புக்கும் நிம்மதி.

ஓய்வு பெற்ற நர்ஸ் என்றால், நின்றுபோன இதயத்தை அமுக்கி எழுப்பிய கதையைச் சொல்வாள் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் உங்களுக்கே நடக்கும், அவசரப்படாதீர்கள். நான் சொல்ல வந்தது ஓர் அரிப்பைப் பற்றி. ஆமாம், பறட் பறட்டென்று சொறிகிற அதே அரிப்புதான். சிரித்து முடித்தவர்கள் மேலே படிக்கலாம்.

வேலையின் கடைசி வருடங்களில் என் முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்ததும், என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் ஒரு போனை வைத்துவிட்டார்கள். ஸ்டென்ட் வைத்து வீட்டுக்குப் போனவர்களைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். நெஞ்சு வலிக்கிறதா, நடக்கிறீர்களா, மாத்திரை போட்டீர்களா. ஓடியாடி வேலை பார்த்தவளுக்கு அது தண்டனையாகத்தான் பட்டது. கஸ்டமர் கேர் வேலைக்கா நர்சிங் படித்தேன் என்று கோச்சடையில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து எரிந்து விழுவேன். என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொள்வார்.

ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக் குழாயை விரித்து உள்ளே வைக்கிற கம்பி வலை. உடம்புக்கு அது அந்நியம். ரத்தம் அதன் மேல் உறையப் பார்க்கும். உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகள் கொடுக்கிறோம். ஒன்று ஆஸ்பிரின். இன்னொன்று, அதோடு சேர்ந்து ரத்தத்தை இளக்கமாக வைத்திருக்கிற மாத்திரை. ஸ்டென்ட் வைத்த புதிதில் இந்த இரண்டையும் விட்டால் அந்த வலை மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம். அப்படி அடைத்தவர்களில் சிலர் ஆஸ்பத்திரி வாசல்வரைகூட வந்து சேர்வதில்லை. இது உங்களுக்குத் தெரியும். நோயாளியின் வீட்டாருக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

மாயாண்டி அண்ணனுக்கு உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமம். சந்தையில் மாட்டுத் தரகர். மாரடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, பிழைத்து எழுந்தவர். வார்டில் இருந்த நாட்களில் கட்டில் கட்டிலாகப் போய், உங்கள் வீட்டில் மாடு உண்டா, கறவை எப்படி என்று விசாரித்துக்கொண்டிருப்பார். படுத்துக் கிடந்த ஒரு பேங்க் மேனேஜரை ஜெர்சி மாடு வாங்க ஏறக்குறைய சம்மதிக்க வைத்துவிட்டார். டிஸ்சார்ஜ் ஆகும்போது, ஒரு நாள்கூட மாத்திரையை விடக் கூடாது என்று சொன்னோம். தாராளமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். அவர் மனைவி பாண்டியம்மாள் எடுத்தார். குரலே வெளியே வரவில்லை.

“மாத்திரை ஒழுங்கா போடுறாரா?”

“இல்ல சிஸ்டரு. அவுகளுக்கு அம்மை போட்டிருக்கு. ஆத்தா எறங்கியிருக்கா.”

“அம்மையா? எப்படி இருக்கு?”

“ஒடம்பு பூராம் செவப்பு செவப்பா தடிச்சுக் கெடக்கு. நெஞ்சு, முதுகு, தொடை எல்லாம். தட்டம்மைன்னு அவுக அக்கா சொல்றாக. மாத்திர ஆகாதுன்னு அம்புட்டையும் எடுத்து வெளிய கட்டித் தொங்க விட்டுட்டாக. நேத்துல இருந்து ஒண்ணும் போடல.”

“உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்கம்மா.”

“ஆத்தா வீட்டுக்குள்ள இருக்கயில வாசல் தாண்டக் கூடாதாம்ல. நா பேசுறதே தெரியக் கூடாது. மாட்டுக் கொட்டத்துல நின்னு பேசுறேன். எனக்குப் பயமா இருக்கு சிஸ்டரு. வச்சிர்றேன்.”

இந்தப் பக்கம் அம்மை போட்ட வீட்டில் என்ன நடக்கும் என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அடுப்பில் தாளிக்க மாட்டார்கள். சோப்பு கிடையாது, சீப்பு கிடையாது, வெளியாள் உள்ளே வரக் கூடாது. மாத்திரை கிடையவே கிடையாது. மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக்கொண்டு உடம்புக்குள்ளே இறங்கி ஆளையே கொண்டுபோய்விடுவாள் என்று பயம்.

என்னைப் பயமுறுத்தியது வேறொரு விஷயம். நாம் கொடுக்கிற அந்த இரண்டாவது மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. ஆரம்பித்துச் சில நாட்கள் கழித்து உடம்பெல்லாம் சிவந்து தடித்து அரிக்கும். பார்ப்பதற்குத் தட்டம்மை மாதிரியே இருக்கும். நம் பாடப் புத்தகங்களே ‘தட்டம்மை போன்ற தடிப்பு’ என்றுதான் எழுதுகின்றன. ஆகவே அந்த அக்காவின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அம்மை என்று நினைத்ததால் ஆஸ்பிரினும் சேர்ந்து நின்றுபோனது. மாயாண்டி அண்ணனின் நெஞ்சுக்குள் ஒரு புது வலை, காவல் இல்லாமல் இருந்தது.

நம் பெரிய டாக்டரிடம் ஓடினேன். பெயர் சொன்னால் சங்கடப்படுவார், விட்டுவிடுகிறேன். ஒரு கேஸ் முடித்து அடுத்த கேசுக்குக் கை கழுவப் போய்க்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் கொட்டியதை நின்று கேட்டார்.

“சிஸ்டர், இதுல ரெண்டு பயம் இருக்கு. தோல் ஒண்ணு, ஸ்டென்ட் ஒண்ணு. எது பெரிய பயம்னு முதல்ல பாருங்க. வாய்க்குள்ள புண் இருக்கா, முகம், உதடு வீங்கியிருக்கா, மூச்சு இழுக்குதா, தோல் கொப்புளிச்சு உரியுதா? இதுல ஒண்ணு இருந்தாலும் தோல்தான் பெருசு. எதுவும் இல்லைன்னா ஸ்டென்ட்தான் பெருசு. வீடியோ கால்ல எனக்குக் காட்டுங்க. எப்படி இருந்தாலும் ஆளைக் கொண்டுவந்துருங்க.”

“வர மாட்டாங்க டாக்டர்.”

“அதனாலதான் உங்களை அனுப்புறேன்.”

முழங்காலைப் பற்றி நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. ஆம்புலன்சில் ஏறி உட்கார்ந்தேன். ஊருக்குள் நுழையும்போது சைரன் கூடாது, வண்டி தெருமுனையிலேயே நிற்கட்டும் என்று டிரைவரிடம் சொல்லி வைத்தேன்.

வாசலில் வேப்பங்கொத்து. அதற்குக் கீழே படியை அடைத்துக்கொண்டு விருமாயி அக்கா, மாயாண்டி அண்ணனின் மூத்த சகோதரி. தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் என்று பிறகு தெரிந்தது. அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்தது, இந்த அம்மாவைத் தாண்டி ஓர் ஈகூட உள்ளே போகாது என்பதுதான்.

“ஆஸ்பத்திரி சிஸ்டரா? இப்பப் பாக்க முடியாது. ஆத்தா இருக்கா,” என்றார். பிறகு என் கழுத்துச் சங்கிலியில் இருந்த சிலுவையைப் பார்த்தார். “நீ வேதக்காரப் பொம்பளதான? எங்க ஆத்தாளப் பத்தி ஒனக்கு என்ன தெரியும்?”

சுருக்கென்றது. நான் மிஷன் பள்ளி வாத்தியார் மகள், பதில் சொல்லாமல் விடுகிற ரகம் இல்லை. நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினேன். வாதத்தில் ஜெயித்துவிட்டு நோயாளியைப் பறிகொடுக்கவா அங்கே போனேன்?

“எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. நீங்கதான் சொல்லணும். காலைக் கழுவிட்டு வாரேன். தள்ளி நின்னு பாக்குறேன். தொட மாட்டேன்,” என்றேன்.

விருமாயி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு அவரே ஒரு செம்புத் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

மாயாண்டி அண்ணன் பாயில் வேப்பிலைமேல் படுத்துக் கிடந்தார். கையில் ஒரு கொத்து, அதை வைத்து முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தார். “வாங்க சிஸ்டரு. எந்திரிக்கக் கூடாதாம்,” என்று சிரித்தார். நெஞ்சும் வயிறும் செக்கச்செவேல் என்று தடித்துக் கிடந்தன. நீர் கோத்த கொப்புளம் ஒன்றுகூட இல்லை. வாயைத் திறக்கச் சொன்னேன். சுத்தமாக இருந்தது. உதடு, முகம், மூச்சு எல்லாம் சரி. தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டேனே, அதனால் அக்காவிடமே கேட்டேன்.

“நெத்தியத் தொட்டுப் பாருங்கக்கா. சூடு இருக்கா?”

“இல்ல.”

“காய்ச்சல் அடிச்சுச்சா? கண்ணு செவந்துச்சா? மூக்கு ஒழுகுச்சா?”

“எதுவும் இல்ல. ஆத்தா இந்தத் தடவ குளுமையா வந்திருக்கா.”

எதற்கும் அவரிடம் பதில் இருந்தது. வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவர். போனில் டாக்டரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தோல் சின்ன பயம்தான். ஆஸ்பிரினை இப்பவே மென்னு முழுங்கச் சொல்லுங்க. அரிப்பு தர்ற மாத்திரையை இங்க வந்ததும் மாத்திடுறேன். நேரம் கடத்தாதீங்க சிஸ்டர்.”

மாத்திரை என்ற சொல் காதில் விழுந்ததும் விருமாயி அக்கா எனக்கும் பாய்க்கும் நடுவில் வந்து நின்றுவிட்டார்.

“மருந்தத் தின்னா ஆத்தா உள்ள எறங்கிருவா. அப்பறம் ஏந் தம்பிய நீயா திருப்பித் தருவ?”

கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஒரு பிடிவாதக்காரியோடு மல்லுக்கட்டவில்லை. அவருக்கும் எனக்கும் ஒரே பயம்தான், மாயாண்டி செத்துவிடக் கூடாது என்பது. அக்கா ஒரு பக்கமிருந்து தம்பியைக் காக்கிறார், நான் இன்னொரு பக்கமிருந்து. அது புரிந்ததும் என் கோபம் இறங்கிவிட்டது.

பின்வாசல் வழியாக மாட்டுக் கொட்டகை தெரிந்தது. ஒரு காளை, மூக்கில் மஞ்சள் பூசி நின்றது. நான் அக்காவை விட்டுவிட்டுத் தரகரிடம் பேசினேன்.

“அண்ணே, அந்த மாட்டுக்கு மூக்குல என்ன?”

“மூக்கணாங்கயிறு அறுத்துப் புண்ணாகிப்போச்சு சிஸ்டரு.”

“கயிறு சேரலைன்னா என்ன செய்வீக? உருவிப் போட்டுட்டு அப்படியே சந்தைக் கூட்டத்துல ஓட்டி விட்டுருவீகளா?”

“ஆத்தாடி! நாலு பேரக் குத்திச் சாச்சுப்புடும்ல! வேற மெதுவான கயிறாப் பாத்து மாத்தணும். மாத்துற வரைக்கும் தலைக்கயித்துப் பிடிய விடக் கூடாது.”

“ஒங்க ரத்தமும் அப்படித்தான். அந்த மாத்திரைதான் மூக்கணாங்கயிறு. ஒங்களுக்குச் சேரலை, அரிக்குது. மாத்திருவோம். ஆனா மாத்துற வரைக்கும் தலைக்கயிறு கையில இருக்கணும். அதுதான் ஆஸ்பிரின். இப்ப நீங்க ரெண்டையும் விட்டுட்டுப் படுத்திருக்கீக.”

சொறிவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். “வேற மாத்திரை இருக்குல்ல? நெசமா?” என்றார். இருக்கிறது என்றேன். தலைமாட்டில் கிடந்த துண்டை எடுத்து வலது கையின்மேல் போட்டு என் பக்கம் நீட்டினார். சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, அந்தக் கை. நானும் துண்டுக்குள் கையை விட்டேன். இறுக்கிப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார்.

“தொட மாட்டேன்னுதான சொன்ன?” என்றார் விருமாயி அக்கா.

“தரகு முடிஞ்சுபோச்சுக்கா,” என்றார் தம்பி.

அக்கா வாசல்வரை போய் வேப்பங்கொத்தைப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கோ நெருப்பின்மேல் நிற்கிற மாதிரி இருந்தது. பிறகு நிபந்தனைகளை அடுக்கினார். வண்டியில் வேப்பிலை இருக்க வேண்டும். தம்பியை யாரும் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டக் கூடாது. அம்மை போனதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற சடங்கை அவர்தான் செய்வார். அவரும் கூட வருவார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன். அவர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவருவேன் என்றிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

மாட்டுக் கொட்டகைக் கம்பத்தில் கட்டியிருந்த மாத்திரைப் பையை அவரே அவிழ்த்து வந்தார். ஆஸ்பிரின் எது என்று காட்டினேன். தம்பியின் வாயில் போடுவதற்கு முன் வாசல் வேப்பிலையைப் பார்த்து, “ஆத்தா, கோவிச்சுக்கிறாத. பிள்ள பொழைக்கணும்,” என்றார். பாண்டியம்மாள் தண்ணீர் கொடுத்தார். அவசரத்தில் பாதித் தண்ணீர் பாயில் கொட்டியது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். பாதி வழியில், வண்டி செக்கானூரணியைத் தாண்டும்போது மாயாண்டி அண்ணன் நெஞ்சில் கையை வைத்தார். “சிஸ்டரு, இங்க என்னமோ பண்ணுது.”

தாமதித்துவிட்டோம், வலை அடைத்துக்கொண்டது என்றே நினைத்தேன். நாடி பிடித்தேன், பிரஷர் பார்த்தேன், ஆக்சிஜன் வைத்தேன், டிரைவரிடம் சைரனைப் போடச் சொன்னேன். நிபந்தனையில் சைரனைப் பற்றி எதுவும் இல்லை. விருமாயி அக்கா கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன், கும்பிட்ட சாமிதான் வேறு.

நகருக்குள் நுழைந்து காளவாசல் சிக்னலில் நின்றபோது மாயாண்டி அண்ணன் ஓர் ஏப்பம் விட்டார். அப்படி ஓர் ஏப்பத்தை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. வண்டியே அதிர்ந்தது. “இப்பத் தேவலாம்,” என்றார். விசாரித்தால், குளுமைக்கு என்று விடிந்ததிலிருந்து கம்பங்கூழும் மோரும் இளநீரும் மாற்றி மாற்றி ஊற்றியிருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் வாசலிலேயே காத்திருந்த பெரிய டாக்டர் சிரிக்கவில்லை. “ஏப்பத்தை நம்பாதீங்க சிஸ்டர். ஈசிஜி எடுத்துட்டு அப்புறம் சிரிக்கலாம்,” என்றார். எடுத்தோம். டிஸ்சார்ஜ் அன்று எடுத்த ஈசிஜியோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மாற்றம் இல்லை. ரத்தப் பரிசோதனையும் சரியாக வந்த பிறகுதான் அவர் முகம் இளகியது. நான் வார்டுக்கு வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏனென்று தெரியாமல் அழுகை வந்தது. நல்ல அழுகைதான். முழங்கால் வலியும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

இரண்டாவது மாத்திரையை வேறு வகை மாத்திரையாக மாற்றினார்கள். அரிப்புக்கும் மருந்து கொடுத்தார்கள். புதியதும் ஒத்துக்கொள்ளாமல் போய்விடுமோ என்று ஒவ்வொரு ஷிப்டிலும் அவர் சட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. சிவப்பு மெல்ல மங்கிப் பழுப்பாகி மறைந்தது. வேப்பங்கொத்தைக் கட்டில் கம்பியில் கட்டியிருந்தோம். டியூட்டி டாக்டர் புருவத்தை உயர்த்தினார். நான் என் புருவத்தை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். விருமாயி அக்கா தினமும் காலையில் தம்பியின் முதுகைப் பார்த்துவிட்டு, “ஆத்தா கெளம்பிட்டா,” என்று அறிவிப்பார். நாங்கள் யாரும் மறுத்துப் பேசவில்லை.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்சார்ஜ் ஆகிறவரிடம் ‘மாத்திரையை விடாதீங்க’ என்று ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரிச் சொல்லிவிட்டு நகராதீர்கள். யார் சொன்னாலும் தலையாட்டுவார்கள். உடம்பு தடித்தால் என்ன செய்வீர்கள், வீட்டில் அம்மை போட்டால் இந்த மாத்திரையை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதில் அவர்கள் வாயிலிருந்து வர வேண்டும். தாங்களாக நிறுத்தவும் கூடாது, தாங்களாகப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது, உடனே நம்மைக் கூப்பிட வேண்டும் என்று புரிய வையுங்கள். நீங்களும் அரிப்புதானே என்று தள்ளிவிடாதீர்கள். வாயைத் திறந்து பாருங்கள், முகத்தைப் பாருங்கள், மூச்சைக் கவனியுங்கள். பிறகு எது பெரிய பயம் என்று பிரியுங்கள். உங்களைப் போனுக்கு முன்னால் உட்கார வைத்தால், தயவுசெய்து என்னைப் போல முணுமுணுக்காதீர்கள்.

மாயாண்டி அண்ணன் இப்போதும் சந்தைக்குப் போகிறார். போன கோடையில், நான் ஓய்வு பெற்று வீட்டில் இருந்தபோது, விருமாயி அக்கா போன் போட்டார். எடுத்ததும், “சிஸ்டரு, தம்பிக்கு அம்மை. இது நெசமாவே ஆத்தாதேன். காய்ச்சல் அடிச்சுச்சு, முத்து முத்தாத் தண்ணி கோத்திருக்கு,” என்றார்.

“அக்கா, மாத்திரை...”

“அதத்தேன் கேப்பன்னு தெரியும். பெரிய டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டேன். விடாமக் குடுங்க, வந்து காட்டுங்கன்னாரு. காலையில நாந்தேன் வாயில போட்டு விட்டேன். இந்தா, வண்டியில வந்துக்கிட்டிருக்கோம். ஆத்தாகிட்டயும் சொல்லிட்டேன்.”

“ஆத்தா என்ன சொன்னாங்க?”

“அவளுக்குத் தெரியாதா? போட்டுக்கன்னுட்டா,” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.